ஈரானியப் படங்களில் வாத்தியம் எங்கே இருக்கிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஈரானில் இசைக்குத் தடை என்கிறார்கள். ஆனால் ஈரானியப் படங்களில் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் ஓவியம், நெசவு செய்கிறவர்களும் வந்துகொண்டே இருக்கிறார்களே, எப்படி? பல படங்களில் பின்னணி இசையே இல்லை. அதற்கும் தடைதான் காரணமா? வீட்டு வாழ்க்கையை இவ்வளவு நெருக்கமாக எப்படி எடுக்கிறார்கள்? எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?"

ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். முதல் கேள்விக்குத்தான் நிறைய இடம் வேண்டும்.

ஈரானில் இசைக்குத் தடை என்பது பாதி உண்மை. 1979இல் இஸ்லாமியப் புரட்சி நடந்த அதே ஆண்டு ஜூலையில், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இசை கூடாது என்று புரட்சியின் தலைவர் கொமெய்னி அறிவித்தார். இசை இளைஞர்களை அபினைப் போல மயக்கிவிடும் என்பது அவர் வாதம். பாப் பாடகர்கள் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு முழு ஈரானிய இசையுலகமே உருவானது. ஆனாலும் ஈராக்குடன் போர் நடந்த எட்டு ஆண்டுகளும் வீரர்களுக்கான பாடல்கள் வானொலியில் ஒலித்துக்கொண்டுதான் இருந்தன. 1988இல் அதே கொமெய்னி, தகுந்த காரியத்துக்கென்றால் வாத்தியங்களை வாங்கலாம், விற்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார். இன்று தெஹ்ரானில் இசை கற்றுக்கொடுக்கும் பள்ளிகள் இருக்கின்றன, சிம்ஃபொனி இசைக்குழு இருக்கிறது, பெரிய அரங்குகளில் டிக்கெட் போட்டுக் கச்சேரி நடக்கிறது.

எல்லாவற்றுக்கும் அனுமதி மட்டும் வாங்க வேண்டும். ஆல்பம், கச்சேரி, திரைக்கதை, படப்பிடிப்பு, திரையிடல் என ஒவ்வொன்றுக்கும் கலாச்சார, இஸ்லாமிய வழிகாட்டல் அமைச்சகத்துக்குப் போக வேண்டும். அதை ஈரானியர்கள் சுருக்கமாக 'எர்ஷாத்' என்பார்கள். எர்ஷாத் சரி என்று சொன்ன கச்சேரியைக்கூட உள்ளூர் அதிகாரிகள் கடைசி நேரத்தில் நிறுத்திய கதைகள் ஏராளம். ஆண்கள் இருக்கும் சபையில் பெண் தனியாகப் பாடக் கூடாது, கூட்டுக்குரலில் பாடலாம். இதுதான் இன்றுவரை உள்ள முக்கியமான கட்டுப்பாடு.

இதில் ஒரு விஷயம் வெளிநாட்டவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. அரசுத் தொலைக்காட்சியில் இசை ஒலிக்கும், ஆனால் வாத்தியத்தைக் காட்டமாட்டார்கள். கலைஞர் வாசித்துக்கொண்டிருப்பார்; கேமரா பூச்சாடிக்குப் போகும், இயற்கைக் காட்சிக்குப் போகும், விரலுக்கு மட்டும் வராது. 2014 ஜனவரியில் 'பாலெட்' என்ற இசைக்குழுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைத்தார்கள். அவர்கள் வெறுங்கையோடு நின்று, கையில் இல்லாத செல்லோவையும் இல்லாத கிளாரினெட்டையும் காற்றில் வாசித்துக் காட்டினார்கள். ஒரு வார்த்தை பேசாமல் நாட்டுக்கே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஈரானியப் படங்களுக்கு வாருங்கள். தொலைக்காட்சி ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு வாத்தியத்தை மறைத்தது. சினிமா அந்த வாத்தியத்தைத் தெருவில் கொண்டுவந்து வைத்தது. அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: ஈரானியப் படத்தில் இசை நன்றாக இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், வாத்தியம் எங்கே இருக்கிறது, யார் சுமக்கிறார்கள், எங்கே ஒளித்து வைக்கிறார்கள் என்று பாருங்கள். வாழ்க்கை முழுக்க அதற்குள் இருக்கும்.

தாரியுஷ் மெஹர்ஜுயியின் 'சந்தூரி' (2007) இதற்குச் சரியான உதாரணம். மெஹர்ஜுயி சாதாரண ஆள் இல்லை. 1969இல் அவர் எடுத்த 'பசு'தான் ஈரானியப் புதிய அலையின் தொடக்கம் என்று பலர் சொல்வார்கள். புரட்சிக்குப் பிறகு சினிமா பிழைத்ததற்கே கொமெய்னிக்கு அந்தப் படம் பிடித்திருந்தது ஒரு காரணம் என்ற பேச்சும் உண்டு. இளவயதில் அவரே சந்தூர் வாசித்தவர். சந்தூர் என்பது சரிவக வடிவப் பெட்டியின் மேல் 72 தந்திகளைக் கட்டி, இரண்டு மெல்லிய மரச்சுத்திகளால் தட்டி வாசிப்பது. படத்தின் நாயகன் அலி, வசதியான, மதப்பற்று மிகுந்த குடும்பத்தில் பிறந்தவன். இசை பாவம் என்று நினைக்கும் அம்மா. வீட்டைவிட்டு வந்து, பியானோ வாசிக்கும் ஹானியேவைக் கல்யாணம் செய்துகொள்கிறான். பேரும் புகழும் வருகிறது. அப்புறம் கச்சேரிகளுக்கு அனுமதி கிடைப்பது நிற்கிறது. கல்யாண வீடுகளில் வாசித்துப் பிழைக்கிறான். ஹெராயினுக்கு அடிமையாகிறான். ஹானியே பிரிந்து போகிறாள்.

கதையாகப் பார்த்தால் இது அழவைக்கும் நாடகம்தான். அந்த மிகை எனக்கும் சில இடங்களில் உறுத்துகிறது. ஆனால் மெஹர்ஜுயி போதையையும் அனுமதி மறுப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறார். ஒரு கலைஞனின் தொழிலை நிறுத்தினால், முதலில் அவன் வீட்டு வாடகை போகிறது, அப்புறம் மனைவி போகிறாள், கடைசியில் அவன் கை நடுங்குகிறது. சந்தூர் வாசிப்பவனுக்குக் கை நடுங்கினால் என்ன மிச்சம்? அந்த வாத்தியத்தில் ஒரு அடி தவறினாலும் பக்கத்துத் தந்தி ஒலித்துவிடும். நடிகர் பஹ்ராம் ராதானின் கைகளைக் கவனித்துக்கொண்டே பார்த்தால் படம் வேறு மாதிரி தெரியும். சந்தூர் இசைக்குப் பின்னால் இருப்பவர் குர்திஷ் இசைக்குடும்பத்தைச் சேர்ந்த அர்தவான் காம்கர். அலிக்குப் பாடும் குரல் மொஹ்சென் சவோஷியுடையது. அப்போது அவர் அனுமதி பெற்ற ஆல்பம் ஒன்றுகூட வெளியிட்டிருக்கவில்லை. அதாவது, பாட அனுமதி இல்லாத ஒருவனின் கதைக்கு, அனுமதி இல்லாத ஒருவரே குரல் கொடுத்திருக்கிறார். தெஹ்ரானின் ஃபஜ்ர் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட படம் திரையரங்குக்கு வரவில்லை. திருட்டு சிடி வழியாக நாடு முழுக்கப் பரவி, வீடு வீடாகப் பார்த்தார்கள். திருட்டு சிடியால் தயாரித்தவர்களுக்கு வருமானம் இல்லை. மெஹர்ஜுயியும் அவர் மனைவியும் 2023 அக்டோபரில் தங்கள் வீட்டிலேயே கொலை செய்யப்பட்டார்கள் என்பது ஈரானிய சினிமாவை நேசிக்கும் யாரும் இன்னும் ஜீரணிக்க முடியாத செய்தி.

இசையைப் பற்றியே இல்லாத படங்களிலும் வாத்தியம் வேலை செய்கிறது. அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செபரேஷன்' (2011) ஆஸ்கர் வாங்கிய படம், பலர் பார்த்திருப்பீர்கள். தொடக்கத்தில் சிமின் வீட்டைவிட்டுக் கிளம்பும் நாளில், ஆட்கள் ஒரு பியானோவை மாடிப்படியில் முக்கி முனகித் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். வேலைக்கு வரும் ரஸியே அதைத் தாண்டிப் போக முடியாமல் தவிக்கிறாள். ஆட்கள் ஒரு மாடிக்குக் கூடுதல் கூலி கேட்கிறார்கள். சிமின் மேசை இழுப்பறையில் இருந்த பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். இவ்வளவுதான் காட்சி, பேச்சுவாக்கில் போய்விடும். ஆனால் பிற்பாடு அந்தப் பணம் காணோம் என்று கணவன் நாதேர் ரஸியேவைத் திருடி என்று சொல்லும்போது, வீடே அதில் உடைகிறது. பியானோ இருக்கும் வீட்டுக்கும், அந்த வீட்டில் கிழவரைப் பார்த்துக்கொள்ள வரும் கர்ப்பிணிப் பெண்ணுக்கும் நடுவில் உள்ள தூரம், ஒரு வாத்தியத்தின் தூக்குக்கூலியில் தெரிந்துவிடுகிறது. அந்தக் காட்சியில் பியானோவில் ஒரு ஸ்வரம்கூட ஒலிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள்.

இயக்குநர் ஜாஃபர் பனாஹியின் மகன் பனாஹ் பனாஹி எடுத்த 'ஹிட் த ரோட்' (2021) இதே விஷயத்தை இன்னும் ஒரு படி தள்ளிக் கொண்டுபோகிறது. ஒரு குடும்பம் காரில் எல்லையை நோக்கிப் போகிறது. அப்பாவின் காலில் மாவுக்கட்டு. அந்தக் கட்டின் மேல் பேனாவால் பியானோ கட்டைகளை வரைந்து வைத்திருக்கிறார்கள். சின்னப் பையன் அந்தக் கட்டைகளைத் தட்டுகிறான். படத்தில் ஷூபர்ட்டின் பியானோ இசை வருகிறது. அந்தக் காரில் ஏன் இவ்வளவு சிரிப்பு, ஏன் அம்மா திடீர் திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்பது மெதுவாகத்தான் புரியும்: பெரிய மகனை எல்லை தாண்டி அனுப்பப் போகிறார்கள், சின்னவனுக்குச் சொல்லவில்லை. வழியில் புரட்சிக்கு முந்தைய பாப் பாடல்கள் ஒலிக்கின்றன. அம்மாவும் பையனும் அவற்றுக்கு வாயசைத்து ஆடுகிறார்கள். பாடக் கூடாத அம்மா, ஊரில் இல்லாத பாடகர்களின் குரலுக்கு வாயசைக்கிறாள். பிள்ளையும் அப்படித்தான் போகப் போகிறான். பாட்டுக் காட்சி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிய இடம் அது.

இனி பஹ்மான் கோபாடி. இவர் குர்து இனத்தவர், ஈரானின் மேற்கு எல்லையிலிருந்து வந்தவர். இசையைப் பற்றி இவரளவுக்கு விடாமல் எடுத்த ஈரானிய இயக்குநர் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. 'நோ ஒன் நோஸ் அபவுட் பெர்ஷியன் கேட்ஸ்' (2009) தெஹ்ரானின் ரகசிய ராக், ராப் குழுக்களைப் பற்றியது. அனுமதி இல்லாமல், மோட்டார் சைக்கிளில் திரிந்து, 17 நாளில் எடுத்தார். சிறையிலிருந்து வந்த அஷ்கானும் நெகாரும் லண்டனுக்குப் போவதற்கு முன் ஒரு கச்சேரி நடத்த ஆசைப்பட்டு, குழு சேர்க்க ஊர் முழுக்க அலைகிறார்கள். நடித்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் சொந்த வாழ்க்கையைத்தான் நடித்தார்கள். யார் எங்கே பயிற்சி செய்கிறார்கள் என்பதுதான் படமே. ஒரு குழு மொட்டைமாடியில் தகரமும் பஞ்சும் வைத்துக் கட்டிய கொட்டகையில் வாசிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே போகும் நேரம் பார்த்துத்தான் டிரம்ஸை அடிக்க முடியும். ஒரு மெட்டல் குழு மாட்டுத் தொழுவத்தில் மாடுகளுக்கு நடுவில் நின்று கிட்டாரை அலறவிடுகிறது. பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அந்தப் பையன்களுக்கு வேறு இடம் இல்லை. அஷ்கானும் நெகாரும் படப்பிடிப்பு முடிந்த கையோடு நாட்டைவிட்டுப் போனார்கள், கோபாடியும் போனார். கதையாகப் பார்த்தால் படம் தளர்வானது, பாட்டு வரும்போதெல்லாம் தெஹ்ரான் தெருக்காட்சிகளை வெட்டி ஒட்டியிருப்பார். ஆனால் 2009 தேர்தல் போராட்டங்களுக்குச் சில மாதங்கள் முன்பு அந்த நகரத்து இளைஞர்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் இல்லை.

அவருடைய 'ஹாஃப் மூன்' (2006) என் கணக்கில் மேலான படம். மொஸார்ட்டின் 250ஆவது பிறந்த ஆண்டுக்காக வியன்னாவில் நடந்த விழாவுக்கென எடுத்தது. மாமோ என்ற முதிய குர்து இசைக் கலைஞர், சதாம் வீழ்ந்த பின் ஈராக் குர்திஸ்தானில் கச்சேரி செய்யப் போகிறார். மகன்களையெல்லாம் ஒரு பழைய பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார். ஒரு பெண் குரல் இல்லாமல் கச்சேரி முழுமையாகாது என்பது அவர் பிடிவாதம். அதற்காக 1,334 பாடகிகள் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும் ஒரு மலைக்கிராமத்துக்குப் போய், ஹேஷோவை அழைத்து வருகிறார். அவள் கிளம்பும்போது, வீடுகளின் கூரைகளில் வரிசை வரிசையாகப் பெண்கள் வண்ண உடையில் நின்று டஃப் அடிக்கிறார்கள். டஃப் என்பது நம் கஞ்சிராவைப் போல ஆனால் மிகப் பெரிய வளையத்தோல் வாத்தியம். அந்தக் காட்சியில் ஒரு பெண்ணும் தனியாகப் பாடவில்லை. அவ்வளவு பேர் கூடி நிற்பதே பாட்டாகிவிடுகிறது. பிறகு ஹேஷோவைப் பஸ்ஸின் தரைக்கு அடியில் ஒளித்து வைக்கிறார்கள். சோதனையில் காவலர்கள் அவளைக் கண்டுபிடித்து இழுத்துப் போகிறார்கள், வாத்தியங்களை நொறுக்குகிறார்கள். ஒரே பஸ்ஸில், ஒரே இடத்தில், பெண்ணும் வாத்தியமும் ஒளிந்திருந்தார்கள் என்பதை அந்தச் சோதனை வெளிக்கொண்டு வருகிறது. ஹுசைன் அலிசாதேயின் இசை. சான் செபஸ்டியன் விழாவில் முதல் பரிசான தங்கச் சிப்பியை வாங்கியது, ஈரானில் தடை.

பெண் குரல் பற்றி ஒரு ஆவணப்படத்தையும் சொல்லிவிடுகிறேன். அயாத் நஜாஃபியின் 'நோ லேண்ட்ஸ் சாங்' (2014). அவருடைய சகோதரி சாரா நஜாஃபி இசையமைப்பாளர். பெண்கள் தனிக்குரலில் பாடும் பொதுக்கச்சேரி ஒன்றை தெஹ்ரானில் நடத்தியே தீர்வது என்று அவர் அமைச்சகத்துக்கு நடக்கும் நடைதான் படம். 1924இல் கமர் ஓல்மொலுக் வசீரி என்ற பாடகி தெஹ்ரானின் கிராண்ட் ஹோட்டலில் முக்காடு இல்லாமல் ஆண்கள் முன் பாடினார். சாரா அந்த நினைவைத்தான் மீட்டெடுக்கப் பார்க்கிறார். அமைச்சக அறைக்குள் கேமரா போக முடியாது; அதனால் அந்தப் பகுதிகளில் திரை கறுப்பாகி, பேச்சு மட்டும் கேட்கும். ஒரு அதிகாரி மறுப்புக்குக் காரணம் சொல்ல, நாம் இருட்டில் உட்கார்ந்து அவர் குரலைக் கேட்கிறோம்.

அனுமதியோடு, முறையாகத் திரைக்கு வந்த இசைப்படங்களும் உண்டு. அலி ஹாதமியின் 'டெல்ஷொதெகான்' (1992) கஜார் மன்னர் காலத்து இசைக்கலைஞர்கள் சிலர் இசைத்தட்டு பதிவுசெய்யப் பாரீஸுக்குப் போவதைச் சொல்வது. பாடியவர் முகமது ரேஸா ஷஜரியான். இசைக்கு இறுக்கம் இருந்த காலத்தில், பழைய காலத்தைக் கதைக்களமாக எடுத்துக்கொண்டு, தார், கமான்சே, டொம்பக் என எல்லா வாத்தியங்களையும் பெரிய திரையில் ஆசை தீரக் காட்டினார் ஹாதமி. ஓவியர் கமால் ஓல்மொல்க்கைப் பற்றி 1984இலேயே ஒரு படம் எடுத்திருந்தார். வரலாறு என்றால் தணிக்கைக்காரர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த கேள்வி: பின்னணி இசை இல்லாதது தடையாலா? இல்லை. ஈரானில் மிக நல்ல திரையிசையமைப்பாளர்கள் இருந்திருக்கிறார்கள், இருக்கிறார்கள். மஜித் மஜிதி இசையைத் தாராளமாகவே பயன்படுத்துவார். 'முகமது' (2015), மும்பையில் எடுத்த 'பியாண்ட் த க்ளவுட்ஸ்' (2017) இரண்டுக்கும் ஏ.ஆர்.ரஹ்மான்தான் இசை. இசையைத் தள்ளி வைத்தது முக்கியமாக அப்பாஸ் கியரோஸ்தமி. அது அவருடைய ரசனை. பார்ப்பவரின் உணர்ச்சியை இசையால் இழுத்துக்கொண்டு போவது அவருக்குப் பிடிக்காது. படம் முழுக்கச் செருப்புச் சத்தம், நாய் குரைப்பு, கார் எஞ்சின், காற்று. கடைசியில் மட்டும் ஒரு துண்டு இசை வரும். 'த்ரூ தி ஆலிவ் ட்ரீஸ்' (1994) முடிவில் சிமரோஸாவின் ஓபோ இசை. 'டேஸ்ட் ஆஃப் செர்ரி' (1997) முடிவில் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட். தொண்ணூறு நிமிடம் புழுதியையும் எஞ்சினையும் கேட்ட காதுக்கு அந்த டிரம்பெட் வந்து விழும்போது என்ன ஆகிறது என்பதை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். கான் விழாவின் தங்கப்பனை வாங்கிய முதல் ஈரானியப் படம் அதுதான்.

ஆடலும் பாடலும் ஈரானிய சினிமாவுக்கு அந்நியம் என்றும் நினைத்துவிடாதீர்கள். 1960களில் அங்கே ஓடியவை பெரும்பாலும் பாட்டும் சண்டையும் கேபரே நடனமும் நிறைந்த படங்கள். பெரிய கதாநாயகனாக இருந்த ஃபர்தீனுக்குப் பின்னணி பாடியவர் ஈராஜ். 'கன்ஜெ காரூன்' (1965) வந்தபோது தெருவெல்லாம் அந்தப் பாட்டுத்தான். இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. முதல் பாரசீகப் பேசும்படமான 'தொக்தரெ லோர்' (1933) எடுக்கப்பட்டது பம்பாயில், அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனியில். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) படத்தையும் தயாரித்தவர் அதே இரானிதான். இரண்டு மொழி சினிமாவும் பேசவும் பாடவும் தொடங்கியது ஒரே முதலாளியிடம். புரட்சி அந்தப் பாட்டுப் பாதையை மூடியது. கேபரே படங்களோடு சேர்த்து, பெண்ணின் குரல், நடனம், தொடுதல் எல்லாம் திரையைவிட்டுப் போயின. அதற்குப் பின் வந்தவர்கள் மிச்சம் இருந்ததை வைத்து என்ன செய்தார்கள் என்பதைத்தான் நாம் 'ஈரானிய சினிமா' என்று கொண்டாடுகிறோம்.

அன்றாட வாழ்க்கை பற்றிய கேள்விக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. தணிக்கை விதிப்படி திரையில் வரும் பெண், வீட்டுக்குள் தனியாக இருந்தாலும் முக்காடு போட்டிருக்க வேண்டும். கணவனும் மனைவியும் தொட்டுக்கொள்ளக் கூடாது. உண்மையில் வீட்டில் தனியாக இருக்கும் ஈரானியப் பெண்கள் பொதுவாக முக்காடு போட்டுக்கொண்டு நிற்பதில்லை. ஆக, ஒரு வீட்டின் உள்ளே கேமராவை வைத்த நிமிடமே பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. பொய் சொல்ல விரும்பாத இயக்குநர்கள் கேமராவைத் தெருவுக்கு, காருக்கு, குழந்தைகளிடம் எடுத்துப்போனார்கள். கார் ரொம்ப முக்கியம்: பாதி வீடு, பாதி தெரு. கியரோஸ்தமியின் 'டென்' (2002) முழுக்க ஒரு காருக்குள்தான். அதில் ஒரு பெண் முக்காட்டை விலக்க, மழித்த தலை தெரிகிறது. முடி இல்லாத தலையைக் காட்டினால் எந்த விதியில் தடுப்பது?

குழந்தைகளைப் பற்றிய படங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக்கென 1965இல் தொடங்கிய 'கானூன்' என்ற நிறுவனம் சினிமாப் பிரிவு ஒன்றைத் திறந்தது. அதைத் தொடங்கி வைத்தவர்களில் கியரோஸ்தமியும் ஒருவர். வசூலைப் பற்றிக் கவலைப்படாமல் படம் எடுக்க அது இடம் கொடுத்தது. புரட்சிக்குப் பின்னும் கானூன் நீடித்தது.

அங்கே எடுத்ததுதான் 'வேர் இஸ் த ஃப்ரெண்ட்ஸ் ஹோம்' (1987). பக்கத்துப் பையனின் நோட்டைத் தவறுதலாக எடுத்து வந்துவிட்ட அகமது, அதைத் திருப்பிக் கொடுக்க அடுத்த ஊருக்கு ஓடுகிறான். கலை எப்படி அன்றாடத்துக்குள் வருகிறது என்பதற்கு இதில் ஒரு காட்சி போதும். இருட்டும் நேரத்தில் ஒரு கிழட்டுத் தச்சர் அகமதுவுக்கு வழிகாட்ட வருகிறார். அந்த ஊரின் மரக்கதவுகளையும் சன்னல்களையும் செய்தவர் அவர்தான். இப்போது எல்லோரும் இரும்புக் கதவுக்கு மாறிவிட்டார்கள். நடந்துகொண்டே, இது நான் செய்தது, அது நான் செய்தது என்று காட்டுகிறார். உள்ளே விளக்கு எரியும் வீடுகளின் சித்திரச் சன்னல்கள் வழியாக ஒளி வெளியே வந்து, எதிர்ச்சுவரில் பூவும் கோலமுமாக விழுகிறது. பையனுக்கு அவசரம், கிழவருக்கு மூட்டுவலி. பையனுக்கு அந்த ஒளியைப் பார்க்க நேரமில்லை, நாம்தான் பார்க்கிறோம். அவர் வழியில் பறித்துக் கொடுத்த சின்னப் பூ, மறுநாள் வகுப்பில் அந்த நோட்டுக்குள் இருக்கிறது. மியூசியத்தில் வைக்க வேண்டிய வேலைப்பாட்டை, முகவரி தேடும் ஒரு பையனின் அவசரத்துக்குள் வைத்திருக்கிறார் கியரோஸ்தமி. அவரே ஓவியம் படித்தவர், புகைப்படக்காரர், கிராஃபிக் டிசைனராக விளம்பர வேலையும் பார்த்தவர். படத்தின் பெயர் சொஹ்ராப் செபெஹ்ரியின் கவிதை வரியிலிருந்து வந்தது. செபெஹ்ரியும் கவிஞர், ஓவியர் இரண்டுமானவர்.

கவிதை அங்கே சாப்பாட்டு மேசையில் இருக்கும் பொருள். கியரோஸ்தமியின் 'த விண்ட் வில் கேரி அஸ்' (1999) படத்தில், நகரத்திலிருந்து வந்த ஒருவன் பால் வாங்க ஒரு இருட்டு நிலவறைக்குள் இறங்குகிறான். பதினாறு வயதிருக்கும் பெண் லாந்தர் வெளிச்சத்தில் மாடு கறக்கிறாள், முகம் காட்டவில்லை. அவன் பெண் கவிஞர் ஃபொரூக் ஃபரூக்சாதின் கவிதையைச் சொல்கிறான், நடுநடுவே பால் பாத்திரத்தில் பீய்ச்சும் சத்தம். சிலருக்கு அந்தக் காட்சியில் அவன் நடத்தை பிடிக்காது, எனக்கும் முழுக்கப் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு காதல் கவிதையைத் திரையில் சொல்ல கியரோஸ்தமிக்கு இருட்டும் மாடும் தேவைப்பட்டன என்பதை யோசித்துப் பாருங்கள்.

கைவேலைக்கு இன்னொரு படம், மொஹ்சென் மக்மல்பாஃபின் 'கபே' (1996). கஷ்காய் என்ற நாடோடிகள் நெய்யும் ஒருவகைத் தரைவிரிப்புதான் கபே. அவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போய், கதைப்படமாக வளர்ந்தது. ஒரு கூடாரப் பள்ளியில் ஆசிரியர் நிறங்களைக் கற்றுக்கொடுக்கிறார். சிவப்பு என்று கையைச் சட்டத்துக்கு வெளியே நீட்டினால் பூக்கள் கைக்கு வருகின்றன. வானத்தை நோக்கி நீட்டினால் கை நீலமாகத் திரும்புகிறது. அப்புறம் அதே நிறங்கள் சாயப் பானையில், நூலில், தறியில் வருகின்றன. நெய்கிற பெண் தன் வாழ்க்கையில் நடந்ததை விரிப்பில் நெய்துகொண்டே போகிறாள். கொஞ்சம் அழகு கூடிப்போன படம் என்ற விமர்சனம் நியாயமானதுதான், ஆனாலும் நிறத்தைப் பற்றி இதைவிடத் தெளிவான பாடம் நான் திரையில் பார்த்ததில்லை.

வீட்டுக்குள் கேமரா பொய் சொல்ல வேண்டியிருக்கிறது என்றேன். 2022இல், முக்காடு சரியில்லை என்று கைதான மஹ்சா அமினியின் மரணத்துக்குப் பின் அதுவும் உடையத் தொடங்கியது. மரியம் மொகத்தமும் பெஹ்தாஷ் சனாயீஹாவும் எடுத்த 'மை ஃபேவரிட் கேக்' (2024) படத்தில் எழுபது வயது விதவை மஹின், தன் வயதுள்ள ஒரு டாக்ஸி டிரைவரை வீட்டுக்கு அழைக்கிறாள். முக்காடு இல்லை. ஒயின் குடிக்கிறார்கள், பாட்டுப் போட்டு ஆடுகிறார்கள், கேக் சுடுகிறாள். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்டுவிடுமோ என்று சத்தத்தைக் குறைக்கிறார்கள். ஒரு முதிய பெண் தன் வீட்டில் தன் இஷ்டப்படி ஒரு சாயங்காலம் இருப்பது, அவ்வளவுதான் படம். இயக்குநர்கள் இருவரின் பாஸ்போர்ட்டும் பறிக்கப்பட்டது, பெர்லின் விழாவுக்குப் போக முடியவில்லை, வழக்கும் நடந்தது.

எதிலிருந்து தொடங்கலாம்? குழந்தைகளோடு பார்ப்பதென்றால் மஜிதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997), ஜாஃபர் பனாஹியின் 'த ஒயிட் பலூன்' (1995). முன்னது ஷூவைப் பகிர்ந்துகொள்ளும் அண்ணன் தங்கை, பின்னது புத்தாண்டுக்குத் தங்கமீன் வாங்கப் போய்ப் பணத்தைச் சாக்கடைக் கம்பிக்குள் விட்டுவிடும் சிறுமி. தனியாகப் பார்ப்பதென்றால் முதலில் 'வேர் இஸ் த ஃப்ரெண்ட்ஸ் ஹோம்', அப்புறம் நேராக 'ஹிட் த ரோட்'. இந்த இரண்டுக்கும் நடுவில் முப்பத்து நான்கு ஆண்டுகள். என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று உங்களுக்கே தெரியும். 'டேஸ்ட் ஆஃப் செர்ரி'யில் தொடங்காதீர்கள்; அதன் நிதானத்துக்குப் பழகாமல் உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவீர்கள், அது படத்தின் குற்றம் இல்லை. இசைக்காகவே பார்ப்பதென்றால் 'சந்தூரி', 'பெர்ஷியன் கேட்ஸ்', 'ஹாஃப் மூன்' என்ற வரிசையில் போகலாம். 'ஹாஃப் மூன்' படத்தை மட்டும் கைப்பேசியில் பார்க்க வேண்டாம். கூரைகளில் அடிக்கும் டஃபின் கீழ்ஒலி அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பாதிகூட வராது. நல்ல ஹெட்ஃபோனாவது போட்டுக்கொள்ளுங்கள்.